திரட்டுப்பணயம்: ஜெப்பர்டி ஆட்ட உத்தி ஒன்றுக்குக் கலைச்சொல்

அன்புடையீர்,

வினாடி வினா ஆட்டங்களுக்கான சொற்பட்டியலில் ஓர் இடம் இன்னும் காலியாக இருக்கிறது. அமெரிக்கத் தொலைக்காட்சியின் ஜெப்பர்டி ஆட்டத்தில் 2019 ஏப்ரல் 4 முதல் தொடர்ந்து 32 ஆட்டங்களை வென்றவர் ஜேம்ஸ் ஹோல்ஸ்ஹவர். லாஸ் வேகாஸில் விளையாட்டுப் பந்தயமே தொழிலாகக் கொண்டவர். அவர் ஆடிய முறையை ஆங்கிலத்தில் 'டெய்லி டபுள் ஹண்டிங்' (பலகையில் ஒளிந்திருக்கும் 'டெய்லி டபுள்' என்னும் பணயக் கட்டத்தைத் தேடுவது) என்று எழுதுகிறார்கள். தமிழில் 'இரட்டிவேட்டை' என்று வைக்கலாமா?

கூடவே இரண்டு சொற்கள். கையில் உள்ள எல்லாவற்றையும் வைப்பதற்கு 'முழுக்கட்டு' (பந்தயம் கட்டுவது என்ற வழக்கிலிருந்து). இறுதிக் கேள்விக்கு (எல்லோரும் பணயம் வைத்துப் பதில் சொல்வது) முன்பே வெற்றி உறுதியாகிவிடும் நிலைக்கு 'பூட்டாட்டம்'. உங்கள் கருத்து தேவை.

அன்புடன்

* * *

> தமிழில் 'இரட்டிவேட்டை' என்று வைக்கலாமா?

ஐயா, வணக்கம்.

சொல் காதுக்கு இனிமையாக இருக்கிறது. ஆனால் ஹோல்ஸ்ஹவர் செய்ததில் பாதியைத்தான் சொல்கிறது, அதுவும் எளிதான பாதியை. ஆட்டத்தின் கணக்கைப் பார்த்தால் ஏன் என்று புரியும்.

ஒரு சுற்றில் 6 தலைப்புகள், தலைப்புக்கு 5 குறிப்புகள், ஆக 30 கட்டங்கள். முதல் சுற்றில் மேலிருந்து கீழாக 200, 400, 600, 800, 1,000 டாலர். இரண்டாம் சுற்றில் எல்லாம் இரு மடங்கு. முதல் சுற்றில் ஒரு கட்டத்திலும் இரண்டாம் சுற்றில் இரண்டு கட்டங்களிலும் டெய்லி டபுள் ஒளிந்திருக்கும். திறந்தவர் மட்டுமே அதற்குப் பதில் சொல்லலாம். யார் முதலில் பொத்தானை அழுத்துவது என்ற பஸர் போட்டி கிடையாது. அவர் தன் கையிருப்பு முழுவதையும் பணயம் வைக்கலாம். கையிருப்பு குறைவு என்றால் அந்தச் சுற்றின் உச்ச மதிப்புவரை வைக்கலாம்: முதல் சுற்றில் 1,000, இரண்டாவதில் 2,000. நம் சொல்லைத் தீர்மானிக்கப்போவது இந்தக் கடைசி விதிதான்.

வழக்கமான ஆட்டக்காரர் ஒரு தலைப்பை எடுத்து மேலிருந்து இறங்குவார். 200, 400, 600 மூன்றையும் சரியாகச் சொல்லி, 800 டாலர் கட்டத்தில் டெய்லி டபுளைத் திறந்தால் கையில் 1,200. அத்தனையும் வைத்து வென்றால் 2,400. ஹோல்ஸ்ஹவர் அடிவரிசையில் தொடங்கிப் பக்கவாட்டில் நகர்வார். அதே மூன்று சரியான பதில்களுக்கு அவர் கையில் 3,000 இருக்கும். வைத்து வென்றால் 6,000. கேட்ட கேள்விகளின் எண்ணிக்கை ஒன்றுதான். வரிசை மட்டுமே வேறு.

டெய்லி டபுள் மேல்வரிசையில் வருவது மிக அரிது. பெரும்பாலும் கீழ் மூன்று வரிசைகளில் இருக்கும், அவற்றிலும் நான்காவதில் அதிகம். ஆகவே அடியிலிருந்து தொடங்குகிறவருக்குத் திரட்டுவதும் தேடுவதும் ஒரே நடையில் முடிந்துவிடுகின்றன. நேரம் தீர்ந்து சில கட்டங்கள் திறக்கப்படாமல் போனாலும், விடுபடுபவை 200, 400 டாலர் கட்டங்களாகவே இருக்கும்.

முழுவதையும் வைப்பது துணிச்சலாகத் தெரிகிறது, ஆனால் கணக்கு அதன் பக்கம் நிற்கிறது. பத்துக்கு ஒன்பது முறை சரியாகச் சொல்லக்கூடியவருக்கு 1,000 டாலர் பணயத்தின் சராசரி ஆதாயம் 800. முதல் சுற்றின் தொடக்கத்திலேயே தோற்றாலும் மீள இடம் உண்டு: முதல் சுற்றுப் பலகையின் மொத்த மதிப்பு 18,000, இரண்டாவதன் மதிப்பு 36,000. இரண்டாம் சுற்றின் கடைசியில் தோற்றால் அப்படி இல்லை.

இந்த முறை எங்கே உடையும் என்பதையும் சொல்லவேண்டும். அடிவரிசைக் குறிப்புகள் கடினமானவை. ஒரு தவறான பதில் 1,000 டாலரைக் கழிப்பதோடு, எதிராளி அதே குறிப்புக்குச் சரியாகச் சொன்னால் அடுத்த கட்டத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் அவருக்குப் போய்விடும். பஸரில் கைத்திறன் இல்லாதவர் இதில் இறங்கவே கூடாது. குறிப்பை வாசித்து முடித்து விளக்கு எரிவதற்கு முன் அழுத்தினால் கால் நொடி பஸர் செயலற்றுப் போகும். அந்தக் கால் நொடியில் எதிராளி அழுத்திவிடுவார்.

இனி 'வேட்டை'க்கு வருகிறேன். அந்தச் சொல் மிகச் சரியாகப் பொருந்துகிற ஆட்டக்காரர் வேறு ஒருவர் இருக்கிறார். 2014இல் 11 ஆட்டங்களை வென்ற ஆர்தர் சூ. அவர் டெய்லி டபுளைத் தேடிப் பலகை முழுவதும் தாவினார். விளையாட்டுத் துறையில் ஒன்று அகப்பட்டபோது வெறும் 5 டாலர் வைத்து, தெரியாது என்று சொல்லிவிட்டார். 5 டாலர்தான் குறைந்தபட்சப் பணயம். எதிராளிக்குக் கிடைக்காமல் செய்வதே அங்கே நோக்கம், அது நிறைவேறிவிட்டது. 2011இல் ஐபிஎம்மின் வாட்சன் கணினியும் டெய்லி டபுள் இருக்க வாய்ப்புள்ள கட்டங்களைத் தேடியே தேர்ந்தெடுத்தது. இவையெல்லாம் வேட்டை.

ஹோல்ஸ்ஹவர் தோற்ற 33ஆவது ஆட்டத்தைப் பாருங்கள், 2019 ஜூன் 3. அவர் திறந்த முதல் கட்டத்திலேயே டெய்லி டபுள் இருந்தது. வேட்டை என்று பார்த்தால் இதைவிட விரைவான வெற்றி கிடையாது. ஆனால் கையிருப்பு பூஜ்யம், விதிப்படி வைக்கக்கூடியது 1,000 மட்டுமே. ஐந்தாறு கட்டங்கள் கழித்து வந்திருந்தால் பல ஆயிரம் ஆகியிருக்கவேண்டியது ஆயிரத்தோடு நின்றது. இரண்டாம் சுற்றின் இரண்டு டெய்லி டபுள்களும் அன்று அவரை வென்ற எம்மா பெட்சர் கைக்குப் போயின. வேட்டை பலித்த நாளில்தான் அவருடைய உத்தி பலிக்கவில்லை. ஆகவே முதலில் திரட்டல், பிறகு பணயம் என்ற வரிசையைச் சொல்லாத எந்தச் சொல்லும் இதற்குப் பொருந்தாது.

என் முன்மொழிவு 'திரட்டிப் பணயம்' அல்லது 'திரட்டுப்பணயம்'. இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லட்டும்.

> 'பூட்டாட்டம்'

'பூட்டு' என்ற சொல்லை மேலே சொன்ன கால் நொடித் தண்டனைக்கு ஒதுக்கிவிடலாம். 'பஸர் பூட்டு' என்றால் விளக்கமே தேவையில்லை.

* * *

வணக்கம்.

'திரட்டிப் பணயம்' வேண்டாம். 'திரட்டி' வினையெச்சம், 'திரட்டிப் பணயம் வைத்தார்' என்ற தொடரில் சரியாக நிற்கும், தனிப் பெயராக நிற்காது. 'திரட்டு' என்பதைப் பெயராகக் கொண்டால் வன்றொடர்க் குற்றியலுகரத்தின்பின் வல்லினம் மிகும்: திரட்டுப்பணயம். பாலைச் சுண்டக் காய்ச்சித் திரட்டுவது திரட்டுப்பால் என்று எல்லோர் வாயிலும் இருக்கும்போது, இந்தச் சொல்லை யாரும் தடுமாறிப் படிக்கமாட்டார்கள்.

'இரட்டி'யை வேட்டையிலிருந்து மட்டுமல்ல, எல்லா இடத்திலிருந்தும் எடுத்துவிடவேண்டும் என்பது என் கருத்து. டெய்லி டபுளில் முழுவதையும் வைத்து வென்றால்தான் தொகை இரட்டிக்கிறது. 5 டாலர் வைத்தவருக்கு எதுவும் இரட்டிக்கவில்லை. அந்தக் கட்டத்தின் இயல்பு ஒளிந்திருப்பது. 'ஒளிகட்டம்' என்றால் வெளிச்சம் என்று படிப்பார்கள். 'மறைகட்டம்' என்று வைப்போம். மறைந்த, மறைகிற, மறையும் கட்டம் என விரிவதால் இது வினைத்தொகை, க் மிகாது. 'மறைக்கட்டம்' என்று எழுதினால் வேதத்தோடு போய் ஒட்டிக்கொள்ளும். எழுதுகிறவர்கள் கவனிக்கவேண்டிய இடம் இது.

'முழுக்கட்டு' அழகான சொல், தெருவழக்கிலிருந்து வந்தது. ஆனால் மருத்துவமனை நினைவு வருவதைத் தடுக்கமுடியாது. 'பணயம்' ஏற்கெனவே வந்துவிட்டதால் 'முழுப்பணயம்' என்றால் குடும்பம் ஒன்றாகிவிடும்.

வெற்றி உறுதியான நிலைக்கு 'எட்டா முன்னிலை'. எட்டாக்கனி எல்லோருக்கும் தெரியும். முன்னிலை என்றால் இலக்கணத்தில் வேறு பொருள் இருப்பது உண்மைதான். ஆனால் தேர்தல் முடிவு நாளில் அந்தக் குழப்பம் யாருக்கும் வருவதில்லை. இங்கேயும் வராது.

ஒரு கேள்வி. அந்த ஜூன் 3 ஆட்டத்தில் இறுதிக் கேள்விக்கு ஹோல்ஸ்ஹவர் 1,399 டாலர் மட்டும் வைத்தார். இவ்வளவு பெரிய பணயக்காரர் ஏன் சுருங்கினார்? அதற்கும் சொல் வேண்டுமல்லவா?

* * *

> ஏன் சுருங்கினார்?

அம்மா, அவர் சுருங்கவில்லை. அந்த நிலையில் சரியான எண் அதுதான். இறுதிக் கேள்விக்கு முன் பெட்சர் 26,600, ஹோல்ஸ்ஹவர் 23,400, மூன்றாமவர் 11,000. முன்னிலையில் இருப்பவர் இரண்டாமவரின் இரு மடங்கைவிட 1 டாலர் அதிகம் வரும்படி வைப்பார். 23,400இன் இரு மடங்கு 46,800. அதனால் பெட்சர் 20,201 வைத்தார்; வென்றால் 46,801. அவர் சரியாகச் சொல்லிவிட்டால் ஹோல்ஸ்ஹவர் எவ்வளவு வைத்தாலும் எட்டமுடியாது. அவர் தவறினால் 6,399க்கு இறங்கிவிடுவார். ஆகவே ஹோல்ஸ்ஹவர் அஞ்சவேண்டியது மூன்றாமவரை மட்டுமே. அவர் எல்லாவற்றையும் வைத்து வென்றால் 22,000. ஹோல்ஸ்ஹவர் 1,399 வைத்துத் தவறினாலும் 22,001 மிஞ்சும். ஒரு டாலர் இடைவெளி. பெட்சர் சரியாகச் சொன்னார், அதோடு முடிந்தது.

இரண்டு வகைப் பணயங்களுக்கும் தனிப் பெயர் வேண்டும். முன்னிலைக்காரர் வைப்பது 'மிஞ்சுபணயம்', பின்னால் வருபவரிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ள வைப்பது 'காப்புப் பணயம்'. முன்னது வினைத்தொகை, ஒற்று மிகாது என்று நினைக்கிறேன், திருத்துங்கள்.

எட்டா முன்னிலையின் வரையறையைத் துல்லியமாக எழுதவேண்டும்: முதலாமவரின் தொகை இரண்டாமவரின் இரு மடங்கைவிட அதிகமாக இருக்கும் நிலை. சரியாக இரு மடங்கு என்றால் போதாது, சமன் ஆகலாம். இந்த நிலையில் வைக்கக்கூடிய உச்சப் பணயம்: தன் தொகையிலிருந்து இரண்டாமவரின் இரு மடங்கையும் மேலும் ஒரு டாலரையும் கழித்தது. 40,000க்கு எதிராக 11,000 என்றால் 17,999வரை அச்சமின்றி வைக்கலாம்.

எட்டா முன்னிலை இல்லாத நாளில் என்ன நடக்கும் என்பதற்கு 2019 ஏப்ரல் 29 ஆட்டம் சான்று. ஹோல்ஸ்ஹவர் 54,017, எதிராளி ஆடம் லெவின் 53,999. வெறும் 18 டாலர்.

ஆள் பெயரில் சொல் வைப்பது பற்றியும் ஒரு வார்த்தை. 'ஹோல்ஸ்ஹவர் முறை' என்றே விட்டுவிடலாம் என்று யாராவது சொல்லக்கூடும். 1985இல் சக் ஃபாரஸ்ட் என்ற ஜெப்பர்டி ஆட்டக்காரர் தலைப்புக்குத் தலைப்பு தாவி எதிராளிகளைத் திணறடித்தார். ஊர் அதை 'ஃபாரஸ்ட் பவுன்ஸ்' என்றது. அவரோ அதைத் தன் நண்பர் ரூபின் பெயரால் அழைத்தார். ஆள் பெயர் யாருடையது என்பதிலேயே வழக்கு வருகிறது, செயல் என்ன என்பது கடைசிவரை தெரிவதில்லை. அதை 'தாவல்' என்று மட்டும் சொல்லவும் முடியாது, இணைய உலாவியில் அந்தச் சொல் ஏற்கெனவே வேறு வேலை செய்கிறது. 'கட்டத்தாவல்' போதும். 'பாண்டி' என்று தனி மடலில் ஒருவர் எழுதியிருந்தார். பாண்டி ஆட்டத்தில் கட்டங்களை வரிசை தவறாமல் தாண்டவேண்டும், இங்கே வரிசையைக் குலைப்பதே நோக்கம். பொருந்தாது.

* * *

அன்புடையீர்,

என் 'இரட்டிவேட்டை'யைத் திரும்பப் பெறுகிறேன். 'மறைகட்ட வேட்டை' என்று மாற்றி ஆர்தர் சூ ஆடிய முறைக்கு வைத்துக்கொள்ளலாம். 'மிஞ்சுபணயம்' வினைத்தொகையேதான், ஒற்று வேண்டாம்.

சொற்களை ஓடும் வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்:

"2019 ஏப்ரல் 17 ஆட்டத்தில் இறுதிக் கேள்விக்கு முன்பே திரட்டுப்பணயத்தால் 71,114 டாலரை எட்டியிருந்த ஹோல்ஸ்ஹவர், மேலும் 60,013 பணயம் வைத்து வென்று 1,31,127 டாலருடன் முடித்தார். 2010இல் ரோஜர் கிரெய்க் எடுத்த 77,000 டாலரே அந்த ஏப்ரல் மாதம்வரை ஒரு நாள் உச்சமாக இருந்தது. ஹோல்ஸ்ஹவர் வென்ற 32 ஆட்டங்களின் சராசரியே ஏறத்தாழ அந்த அளவு. 2004இல் 74 ஆட்டங்களில் 25,20,700 டாலர் வென்ற கென் ஜென்னிங்ஸின் சராசரி சுமார் 34,000."

எங்கும் இடறவில்லை. பட்டியலுக்கு இப்படி எழுதியிருக்கிறேன்:

திரட்டுப்பணயம் (பெயர்): உயர்மதிப்புக் கட்டங்களை முதலில் ஆடிக் கையிருப்பைத் திரட்டி, மறைகட்டம் அகப்படும்போது அதன் பெரும்பகுதியை அல்லது முழுவதையும் பணயம் வைக்கும் உத்தி. வினையாக ஆளும்போது 'திரட்டிப் பணயம் வை'. மறைகட்டம் திரட்டலுக்கு முன்பே அகப்பட்டால் இந்தச் சொல்லை ஆளக்கூடாது.

கடைசி வரியை விட்டுவிடலாமா என்று யோசித்தேன். ஜூன் 3 ஆட்டத்தை நினைத்து வைத்துக்கொண்டேன். மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள்.

அன்புடன்