ஏழைகளுக்கான வீடு: சாவி கொடுத்ததோடு கணக்கு முடிந்ததா?

(இணைய விவாதம். ஒவ்வொரு பதிவின் மேலும் இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

கூவம்கரை
சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கை வரும்போதெல்லாம் "இத்தனை ஆயிரம் குடியிருப்புகள் கட்டி முடித்தோம்" என்று ஒரு எண் வாசிக்கப்படும். எந்த ஆட்சியானாலும் இதுதான் நடைமுறை. சென்னையில் இருந்த இடத்திலேயே இடித்துக் கட்டிக் கொடுத்த வீடும் அந்த எண்ணில் ஒன்று. ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்தில் எட்டு மாடிக் கட்டடத்தில் கொடுத்த வீடும் ஒன்று. இரண்டும் ஒரே கணக்கில் எப்படிச் சேரும்? ஐந்து வருடம் கழித்து அந்தக் குடும்பம் அங்கேயே இருக்கிறதா, பழைய வருமானம் வருகிறதா, பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்களா என்பதைத்தான் இந்த வீடுகளைக் கட்டும் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் (பழைய குடிசை மாற்று வாரியம்) எண்ண வேண்டும் என்கிறேன்.

சிவில் பொறியாளர்
கட்டிய வீட்டை எண்ணாமல் விட்டால் கட்டாமலே காலம் தள்ளிவிடுவார்கள் சார். 2015 வெள்ளத்தை நினைத்துப் பாருங்கள். அடையாறு, கூவம் கரைகளில் இருந்தவர்களை எங்கே கொண்டு வைப்பது என்ற கேள்வி வந்தபோது, கட்டித் தயாராக இருந்தது பெரும்பாக்கம்தான். நகரத்துக்குள் ஒரு கிரவுண்டு என்ன விலை போகிறது என்று எல்லோருக்கும் தெரியும். சிங்கப்பூர் மாதிரி அரசே ஊருக்குள் அடுக்குமாடி கட்டலாமே என்பவர்கள், அங்கே 1966ல் நிலம் கையகப்படுத்தச் சட்டம் போட்டு, பெரும்பாலான நிலத்தை அரசே வைத்துக்கொண்ட கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அப்புறம், இருந்த இடத்தில் கட்டுவதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பழைய போர்டு வீட்டை இடித்தால் பெரும்பாலும் அதே குடும்பங்களுக்குத்தான் திரும்பக் கொடுக்கிறோம். வரிசையில் காத்திருக்கும் புதுக் குடும்பத்துக்கு அதில் அதிகம் வீடு கூடுவதில்லை.

வடசென்னைக்காரி
அண்ணா, நீங்கள் தயாராக இருந்தது என்கிறீர்கள். கட்டடம் தயாராக இருந்தது, பிழைப்பு தயாராக இல்லையே. என் சின்னம்மா மந்தைவெளியில் மூன்று வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தவர். தெற்கே ஒரு மறுகுடியமர்வுக் குடியிருப்புக்கு அனுப்பினார்கள். காலையில் ஆறரைக்குள் வாசல் தெளித்துப் பாத்திரத்தைத் தேய்த்துவிட வேண்டும் என்பது அந்த வீடுகளின் கணக்கு. முதல் பேருந்தைப் பிடித்தாலும் ஏழரை ஆகிவிடும். இரண்டு வீடு கைவிட்டுப் போயிற்று. மிச்சம் இருந்த ஒரு வீட்டுச் சம்பளத்தில் பாதி பேருந்துக்கும் ஷேர் ஆட்டோவுக்கும். அவருக்கு ஆறாவது மாடி. லிஃப்ட் நிற்கும் நாட்களில் தண்ணீர்க் குடத்தை ஒவ்வொரு மாடியிலும் இறக்கி வைத்து, மூச்சு வாங்கி, திரும்பத் தூக்கிக்கொண்டு ஏறுவார். இப்போது அந்த வீட்டைப் பூட்டிவிட்டு மயிலாப்பூர் பக்கம் ஒண்டுக் குடித்தனத்தில் வாடகைக்கு இருக்கிறார். ஆனால் சட்டமன்றத்தில் வாசிக்கும் எண்ணில் அவர் இன்னும் பயனாளிதான்.

சிவில் பொறியாளர்
தங்கச்சி, சின்னம்மாவின் கஷ்டம் புரிகிறது. ஆனால் கூவம்கரை சொல்லும் அளவுகோலை அமல்படுத்தினால் முதலில் அடிபடுவது அவர்தான். "அதே குடும்பம் இருக்கிறதா" என்று கேட்டுக்கொண்டு அதிகாரி வருவார். பூட்டு தொங்கினால் ஒதுக்கீடு ரத்து. உள்வாடகைக்கு விட்டிருந்தாலும் ரத்து. நீங்கள் கேட்கும் கணக்கெடுப்பு ஏழையைக் கண்காணிக்கும் வேலையாகத்தான் முடியும்.

கூவம்கரை
இது சரியான எச்சரிக்கை, ஏற்றுக்கொள்கிறேன். அதனால்தான் இந்தக் கணக்கை ஒதுக்கீடு செய்யும் அலுவலகம் எடுக்கக் கூடாது என்கிறேன். பெயரும் கதவு எண்ணும் இல்லாமல் ஒரு கல்லூரியோ வெளி அமைப்போ மாதிரிக் கணக்கெடுப்பாகச் செய்யட்டும். ஒரு பிளாக்கில் பாதி வீடு பூட்டிக் கிடந்தால் தவறு குடும்பத்தின் மீதா, இடத்தைத் தேர்ந்தவர் மீதா?

கணக்குப்பிள்ளை
இருவரும் விட்ட ஒரு விஷயம், யாருக்கு வீடு இல்லை என்ற முதல் கணக்கு. 2012ல் மத்திய அரசின் தொழில்நுட்பக் குழு நாட்டின் நகரங்களில் 1.88 கோடி வீடுகள் பற்றாக்குறை என்றது. அதில் ஏறத்தாழ 1.5 கோடி, நெரிசலில் வாழும் குடும்பங்கள். அதாவது தலைக்கு மேல் கூரை இருக்கிறது, கல்யாணமான பிள்ளைக்குத் தனி அறை இல்லை. வீடே இல்லாதவர்கள் சுமார் 5 லட்சம். ஆனால் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நகரங்களில் காலியாகக் கிடந்த வீடுகள் 1.1 கோடி! தூரத்தில் இன்னும் ஒரு லட்சம் கட்டினாலும் இந்த நெரிசல் குறையாது.

சென்னைக் கதை இன்னும் மோசம். தமிழ்நாட்டின் 1971 குடிசைப் பகுதிகள் சட்டத்தின்படி 1,202 குடிசைப் பகுதிகளை அறிவித்தார்கள். 1985ல் 17 சேர்த்தார்கள். அதற்குப் பிறகு பல பத்தாண்டுகளுக்கு அந்தப் பட்டியல் வளரவில்லை, ஊர் மட்டும் வளர்ந்தது. பட்டியலில் இல்லாத பகுதிக்குச் சட்டப் பாதுகாப்பும் இல்லை, ஆக்கிரமிப்பு என்ற பெயர்தான். அளவெடுக்காமல் விடுவதும் ஒரு கொள்கைதான் என்பேன்.

பிரதமர் வீட்டுத் திட்டத்தையும் பாருங்கள். அனுமதித்தவை, வேலை தொடங்கியவை, முடித்தவை என மூன்று எண்கள். மேடையில் முதலாவதுதான் வரும். அந்தத் திட்டத்தில் பெரும்பங்கு சொந்த மனையில் கட்டிக்கொள்ள உதவும் பிரிவு. மனை இல்லாதவன், புறம்போக்கில் இருப்பவன் அதில் எங்கே நுழைவான்?

சிவில் பொறியாளர்
நெரிசல் கணக்கு நியாயம். என் துறை சம்பந்தப்பட்ட ஒன்றையும் சேருங்கள்: கட்டடத்தின் நிலை. 2021 டிசம்பரில் திருவொற்றியூரில் 24 வீடுகள் கொண்ட பிளாக் அப்படியே சரிந்தது. விரிசலைப் பார்த்து முன்கூட்டியே எல்லோரும் வெளியேறியதால்தான் உயிர் பிழைத்தார்கள். கட்டி முப்பது வருடம்கூட ஆகவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் புளியந்தோப்பு கே.பி. பார்க்கில், 1,920 வீடுகள் கொண்ட புத்தம்புது குடியிருப்பில், கையால் தொட்டால் பூச்சு உதிர்ந்தது. அது ஊருக்குள்ளே கட்டியது என்பதையும் கவனியுங்கள். இடம் சரியாக இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நம்பவில்லை. லிஃப்டும் மோட்டாரும் வைத்த உயரமான கட்டடத்தின் பராமரிப்புச் செலவை, குடியிருப்பவர் கட்டும் சொற்பக் கட்டணத்தில் ஓட்ட முடியாது. அதற்கு யார் பணம் தருவது என்பதை முதல் நாளே எழுதி வைக்க வேண்டும்.

வடசென்னைக்காரி
எல்லோரும் சொந்த வீடு, சொந்த வீடு என்றே பேசுகிறீர்கள். சின்னம்மாவுக்கு வேண்டியது மந்தைவெளிக்கு நடந்து போகும் தூரத்தில் ஒரு அறையும் அடுப்படியும் கக்கூஸும், கட்டக்கூடிய வாடகையில். வாடகைச் சட்டம் பொதுவாக மூன்று மாத அட்வான்ஸ்தான் என்கிறது. எங்கள் தெருவில் யாரும் அந்தக் கணக்கில் வீடு கொடுத்ததில்லை, பத்து மாதம்தான் கேட்கிறார்கள். அரசே வாடகைக்கு விட்டால் என்ன?

சிவில் பொறியாளர்
வாடகை வசூலிக்க முடியாமல்தான் வாரியங்கள் தவணைக்கும் கிரயத்துக்கும் போயின. பாக்கி ஏறும், தேர்தல் வந்தால் தள்ளுபடி, அப்புறம் பராமரிக்கக் காசிருக்காது. இதில் நான் உங்களோடு உடன்படவில்லை.

கணக்குப்பிள்ளை
தள்ளுபடி ஆகும் வாடகைப் பாக்கியையும் ஊருக்கு வெளியே கட்டியதற்கான சாலை, பேருந்து, பள்ளி, கால்வாய் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் சார். பெரும்பாக்கம், செம்மஞ்சேரி எல்லாம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டியவை. ஆற்று வெள்ளத்திலிருந்து காப்பாற்றி மழைத்தண்ணீர் தேங்கும் இடத்தில் வைத்தோம். ஒவ்வொரு மழைக்கும் படகும் மோட்டாரும் அனுப்பும் செலவு எந்த வீட்டின் விலையில் எழுதப்படுகிறது?

கூவம்கரை
நான் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு தயார் செய்கிறேன். ஒவ்வொரு திட்டத்திலும் பழைய இடத்துக்கும் புது இடத்துக்கும் உள்ள தூரம், பூட்டிக் கிடக்கும் வீடுகள், முழுத் தொகையும் கட்டிய பிறகும் கிரயப் பத்திரம் கிடைக்காதவர்கள். அதோடு சென்னைக்குள் அரசுத் துறைகளின் கையில் சும்மா கிடக்கும் மனைகளின் பட்டியல். வேறு என்ன சேர்க்கலாம்?

சிவில் பொறியாளர்
கட்டட உறுதிச் சோதனை எந்த ஆண்டு கடைசியாக நடந்தது என்று கேளுங்கள். மனைப் பட்டியலில் பரப்பளவும் சாலை அகலமும் வேண்டும், அது இல்லாமல் எத்தனை மாடி கட்டலாம் என்று சொல்ல முடியாது. பட்டியல் வந்தால் மந்தைவெளி பக்கத்து மனைகளுக்கு நானே கணக்குப் போட்டுத் தருகிறேன். இடம் இல்லை என்று வந்தால் அதையும் நீங்கள் இங்கே பதிவிட வேண்டும்.

வடசென்னைக்காரி
மூன்று கிலோமீட்டருக்குள் என்று போடுங்கள் அண்ணா. அதுவரை நடந்துவிடுவார்.