பழைய கோவிலை இடிக்கும் முன் ஒரு வார்த்தை

எல்லோருக்கும் வணக்கம்.

நம் ஊரில் புதுத் தேவாலயம் வந்தாயிற்று, பழைய கோவிலை இடித்துவிட்டுக் கல்யாண மண்டபம் கட்டலாம் என்று நம் ஊர்ச் சங்கத்தில் நடக்கும் பேச்சை இங்கே படித்தேன். எனக்கு உடன்பாடில்லை. அதை ஊர் அருங்காட்சியகமாக வைக்கலாமே என்று துபாயிலிருந்து அண்ணன் ஒருவர் எழுதியதற்கு, "யார் வந்து பார்ப்பார்கள்?" என்று ஒரே வரியில் பதில் போட்டு முடித்துவிட்டீர்கள். நான் இருக்கும் லண்டனிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது, பொறுமையாகப் படியுங்கள்.

தேம்ஸ் கரையில், இங்கிலாந்துத் திருச்சபையின் தலைமைப் பேராயர் (கான்டர்பரிப் பேராயர்) தங்கும் லாம்பெத் அரண்மனையை ஒட்டி ஒரு பழைய மாதா கோவில். 1972இல் வழிபாட்டை நிறுத்தி, இடிப்பதாக இருந்தார்கள். அதன் கல்லறைத் தோட்டத்தில் டிரடெஸ்கன்ட் என்ற தோட்டக்காரர்கள், அப்பாவும் மகனும், புதைக்கப்பட்டிருக்கிறார்கள். அந்தக் கல்லறையைப் பார்க்கப் போன ரோஸ்மேரி நிக்கல்சன் என்ற அம்மாவும் அவர் கணவரும் சேர்ந்து இடிப்பைத் தடுத்து, 1977இல் அங்கே தோட்டக்கலை அருங்காட்சியகத்தைத் தொடங்கினார்கள்.

இனிச் சொல்வதுதான் நமக்கு முக்கியம். 17ஆம் நூற்றாண்டில் இந்த அப்பாவும் மகனும் பல தேசத்துச் செடிகள், சங்குகள், அபூர்வப் பொருள்கள் எல்லாம் சேர்த்து லாம்பெத்தில் தங்கள் வீட்டிலேயே காசு வாங்கிக்கொண்டு காட்டினார்கள். அவர்கள் காலத்துக்குப் பின் அத்தனையும் ஆஷ்மோல் என்பவர் கைக்குப் போய், 1683இல் ஆக்ஸ்ஃபோர்டில் அவர் பெயரிலேயே அருங்காட்சியகம் திறந்தாயிற்று. இன்று லாம்பெத்தில் அந்தப் பொருள்களில் சிலவற்றைக் காட்டவேண்டும் என்றால் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து இரவல் வாங்கித்தான் வைக்கிறார்கள். நம் ஊர்ப் பழைய சுரூபங்களும் மரப்பெட்டிகளும் பழைய சாமான் வியாபாரியின் வண்டியில் ஏறிப்போனால் நமக்கு இரவல்கூடக் கிடைக்காது.

செலவுக்குப் பயப்படுகிறவர்களுக்கு: லாம்பெத்தில் பழைய சுவரில் கை வைக்காமல், கோவிலுக்குள்ளேயே தனியாக நிற்கும் மரக்கட்டுமானம் போட்டுக் காட்சிக்கூடம் அமைத்தார்கள். நமக்கு அவ்வளவுகூட வேண்டாம், கூரை ஓடுகளை மாற்றி ஒழுகல் நின்றால் முதல் வேலை முடிந்தது.

தரையைத் தோண்டும் முன் மட்டும் கவனம் வேண்டும். 2016இல் அங்கே தரைக்கல்லைப் பெயர்த்த வேலையாட்கள் ஓர் ஓட்டையைக் கண்டு, குச்சியில் செல்போனைக் கட்டி உள்ளே விட்டுப் பார்த்தால், படிக்கட்டு, அடியில் சுமார் 30 ஈயச் சவப்பெட்டிகள், மேலே ஒரு பேராயர் கிரீடம்! கான்டர்பரிப் பேராயர்கள் சிலரே அதில் இருந்தார்கள், பைபிளின் புகழ்பெற்ற ஆங்கில மொழிபெயர்ப்பான ஜேம்ஸ் மன்னர் பதிப்பு வேலையை முன்நின்று நடத்திய பான்க்ராஃப்ட் உட்பட. நம் கோவிலிலும் பீடத்தடியில் சாமியார்களை அடக்கம் செய்ததாகப் பாட்டிமார் சொல்வார்களே, ஜேசிபியைக் கூப்பிடும் முன் அதை யோசியுங்கள்.

இன்னொன்று, கோவிலை வேறு காரியத்துக்கு விடுவது சங்கம் தீர்மானம் போட்டு முடிக்கிற விஷயம் இல்லை. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1222ஆம் விதிப்படி, குருக்கள் மன்றத்தின் கருத்தைக் கேட்டு ஆயர்தான் (பிஷப்) ஆணை தரவேண்டும், அதுவும் இழிவான காரியத்துக்குக் கூடாது. மண்டபத்துக்கே கேட்கப்போகிறீர்கள் என்றால் அருங்காட்சியகத்துக்கும் சேர்த்துக் கேட்டுவிடலாமே.

ஊரில் இருக்கிறவர்கள் யாராவது இந்த வாரம் போய், தரையிலுள்ள கல்லறைப் பலகைகளைப் படம் எடுத்து இங்கே போடுங்கள். பழைய ஞானஸ்நானப் பதிவேடுகள் யார் பொறுப்பில் இருக்கின்றன என்றும் கேட்டு எழுதுங்கள்.