ராத்திரி ரேடியோ கேட்டவர்கள், ஈயம் பற்றவைத்தவர்கள் வாங்க

காரைக்குடிக்காரன்:
பி.பி.சி. தமிழோசை ராத்திரி ஒன்பதேகாலுக்குத்தான், ஆனால் எங்கள் ஐயா ஒன்பது அடித்ததுமே வால்வு செட்டை, அதாவது கண்ணாடிக் குழல் வைத்த பழைய ரேடியோவை, போட்டுவிடுவார். வால்வு சூடேற வேண்டுமாம், அதற்கு அரை நிமிஷம் போதும் என்று அவருக்கும் தெரியும். முற்றத்துக்குக் குறுக்கே தாமிர வலை ஏரியல் கட்டியிருந்தோம். சிற்றலையில் லண்டன் குரல் கிட்ட வந்து எட்டப் போகும், "அங்கே காத்தடிக்குது போல" என்பார் அப்பத்தா. செட் மக்கர் பண்ணினால் கல்லுக்கட்டிப் பக்கம் ஒரு மெக்கானிக். ஐ.எஃப்.டி., அதாவது செட்டுக்குள் அலைவரிசையைச் சரிசெய்கிற சின்னக் காயில், அதைத் திருக அவர் இரும்பு ஸ்க்ரூ டிரைவரைத் தொடவே மாட்டார், சீவிய மூங்கில் குச்சிதான், ஏனென்றால் இரும்பு பக்கத்தில் போனாலே காயில் மாறிவிடும், அது நிற்க வேண்டிய 455 கிலோஹெர்ட்ஸில் நிற்கிற மாதிரி காட்டும், கையை எடுத்ததும் தள்ளிப்போகும். மீட்டரை விட அவர் காதைத்தான் நம்பினார். 2017-ல் தமிழோசை வானொலியில் நின்றபோது ஐயா இல்லை, நல்லவேளை.

தேவகோட்டை டயோடு:
நமக்கு மீடியம் வேவ். இலங்கை பகலிலேயே கணீரென்று கேட்கும், கடலுக்கு அந்தப் பக்கம்தானே! ராத்திரிதான் மற்ற ஊர்களெல்லாம் ஒன்றின்மேல் ஒன்று ஏறிவரும். வெயில் இருக்கும்வரை வானத்தில் உயரே இருக்கிற அயனி மண்டலத்தின் கீழடுக்கு அலையை விழுங்கிவிடும், பொழுது சாய்ந்ததும் அது கரைந்துபோக மேலடுக்கில் பட்டுத் திரும்பும் என்று பாலிடெக்னிக்கில் படித்தபிறகுதான் புரிந்தது. அப்புறம் ஒரு காயில், ஸ்டேஷன் பிடிக்க கேங் கண்டன்சர், அலையிலிருந்து ஒலியைப் பிரிக்க ஓ.ஏ.79 டயோடு, ஹெட்ஃபோன், நீள ஏரியல், ஒரு எர்த்து, இவ்வளவையும் வைத்து ஒரு செட் கட்டினேன். பேட்டரியே கிடையாது. ரேடியோவுக்கு போஸ்டாபீஸில் லைசன்ஸ் கட்டிய காலம் அது, "கரண்டே இல்லாத இதுக்குமா கட்டணும்?" என்று அப்பச்சி உண்மையாகவே கவலைப்பட்டார்.

பள்ளத்தூர் மருமகன்:
முனீஸ்வரன் கோயில் தெரு பழைய சாமான் கடையில் ஒரு டிரான்சிஸ்டர் எடுத்தேன். மீடியம் வேவ் முழுக்க ஒரே இரைச்சல். செட் போச்சு என்று நினைத்து ஃபில்டர் கண்டன்சர்களை மாற்றி, பேண்ட் ஸ்விட்சைத் துடைத்து, ஒன்றும் நடக்கவில்லை. ஒரு ராத்திரி கரண்ட் போச்சு, தெருவே இருட்டு, பேட்டரியில் ஓடிய செட் பளிச்சென்று பேசுகிறது! எல்லாம் எல்.இ.டி. பல்பும் சார்ஜரும் போடுகிற சத்தம். இப்போது வேண்டும் என்றால் மெயினை அணைத்துவிட்டுக் கேட்கிறேன், வீட்டில் திட்டு விழுகிறது. சரி, ஸ்டேஷன் காட்டும் முள்ளை இழுக்கிற டயல் நூல் அறுந்த வால்வு செட் இன்னொன்று இருக்கிறது. தூண்டில் நரம்பு போட்டால் வழுக்குகிறது. கட்டத் தெரிந்தவர் நம் பக்கம் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.