கடலோரத்தில் வெண்டிங் மெஷினுக்கு எந்த எண்ணெய் போடலாம்?

சின்னமுட்டம்காரன்:
கன்னியாகுமரியில் லாட்ஜ் ஒன்றில் வேலை. வரவேற்பறையில் ஒரு ஸ்நாக்ஸ் மெஷின், கூல்டிரிங்க்ஸும் அதிலேயே. வாசலைத் திறந்தால் கடல்காற்றுதான். கதவுக் கீலில் துரு. ஒரு தட்டில் மட்டும் பாக்கெட்டைத் தள்ளும் கம்பிச் சுருள் சுற்றும்போது கறகறவென்று சத்தம். காசும் அடிக்கடி சிக்குகிறது. மேனேஜர் அண்ணன் “தேங்காய் எண்ணெய் ரெண்டு சொட்டு விடுடே” என்கிறார். டபிள்யூடி-40 ஸ்ப்ரே அடித்தால் போதாதா?

வடசேரி மெக்கானிக்:
தேங்காய் எண்ணெய் சமையலறையிலேயே இருக்கட்டும் மக்கா. 24 டிகிரி வாக்கில் உறையத் தொடங்கும் சாமான் அது. உன் மெஷினுக்குள் அதைவிடக் குளிர். நாள்பட்டால் பிசினாகிவிடும்.

டபிள்யூடி-40 இறுகிய போல்ட்டைக் கழற்ற நல்லது. ஆனால் அதில் பெரும்பகுதி கரைப்பான். அது ஆவியானதும் மிஞ்சும் மெல்லிய படலம் ரொம்ப நாள் தாங்காது, தூசியும் ஒட்டும். பாலிகார்பனேட் என்ற கெட்டிப் பிளாஸ்டிக் பாகத்தில் பட்டால் விரிசல் விடலாம்.

முதலில் பிளக்கைப் பிடுங்கு. சுருளுக்கு எண்ணெயே வேண்டாம், பாக்கெட்டில் ஒட்டும். சுருளைக் கழற்றி, அது மோட்டாரில் மாட்டும் பிளாஸ்டிக் புஷ்ஷைப் பார். பழைய அழுக்கைத் துடைத்துவிட்டு, என்எஸ்எஃப் எச்1 என்று போட்ட சிலிக்கான் கிரீஸ் ஒரு அரிசி அளவு தடவு. தின்பண்டத்தில் தப்பித்தவறிப் பட்டாலும் பரவாயில்லை என்ற தரம் அது. புஷ் தேய்ந்திருந்தால் எந்தக் கிரீஸும் உதவாது, மாற்றிவிடு.

காசு போகும் வழியில் எதையும் விடாதே. எண்ணெய் பட்ட இடத்தில் காசு வழுக்காது, ஒட்டும். பஞ்சு போகாத துணியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடை, போதும்.

கீல் வெளியே இருப்பது, அதற்கு வேறு கணக்கு. நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் உப்பைத் துடைத்து, உலரவிட்டு, உப்புத்தண்ணீர் தாங்கும் மரைன் கிரீஸ் வை. துறைமுகப் பக்கம் போட் சாமான் விற்கும் கடையில் கேள். நமக்குத்தான் ஜூனில் ஒரு மழை, ஐப்பசியில் ஒரு மழை. இரண்டுக்கும் முன்னால் ஒருமுறை பார்த்துவிடு.

குளச்சல் பையன்:
அண்ணே, பூட்டுக்கு கிராஃபைட் பொடி போடலாமா?

வடசேரி மெக்கானிக்:
கடலை விட்டுத் தள்ளியிருக்கும் ஊரில் சரி, கடலோரத்தில் வேண்டாம். உப்பு ஈரத்தோடு கிராஃபைட் சேர்ந்தால் உலோகம் அரிக்கும். டெஃப்லான் ட்ரை ஸ்ப்ரே அடி.

சின்னமுட்டம்காரன்:
புஷ்தான் தேய்ந்திருக்கிறது அண்ணே, ஒரு பக்கம் பல்லே இல்லை. புதுசுக்குச் சொல்லியாச்சு. மேனேஜர் அண்ணன் இன்னும் எண்ணெய்ப் பாட்டிலைக் கீழே வைக்கவில்லை.