‘பாலிசி அட்வொகசி’க்குப் ‘பரிந்துரை’ போதுமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

விளிம்புநிலை மக்கள் தாங்களே திரண்டு சட்டத்தையும் விதிகளையும் மாற்றச் சொல்லி அரசோடு மல்லுக்கட்டுவதை ஆங்கிலத்தில் ‘கிராஸ்ரூட்ஸ் பாலிசி அட்வொகசி’ என்கிறார்கள். அதற்கு நம் கலைச்சொல் பட்டியலில் ‘அடிமட்டக் கொள்கைப் பரிந்துரை’ என்று போட்டிருக்கிறோம். எனக்கு முதல் சொல்லும் கடைசிச் சொல்லும் இடிக்கின்றன.

பரிந்துரை என்றால் ஒருவருக்காக இன்னொருவர் பரிந்து சொல்வது. அதை ஏற்பதும் விடுவதும் கேட்பவர் விருப்பம். 1977-இல் சான் பிரான்சிஸ்கோவில் மாற்றுத்திறனாளிகள் செய்தது இதுவா? அவர்களுக்கு எதிரான பாகுபாட்டைத் தடுக்கும், அமெரிக்க மறுவாழ்வுச் சட்டத்தின் 504-ஆம் பிரிவு 1973-லேயே சட்டமாகிவிட்டது. அதை நடைமுறைப்படுத்தும் விதிகள்தாம் கையெழுத்தாகாமல் கிடந்தன. ஏப்ரல் தொடக்கத்தில் அரசுக் கட்டடத்துக்குள் போய் உட்கார்ந்தவர்கள் மூன்று வாரத்துக்கு மேலாகியும் எழுந்திருக்கவில்லை. அந்த மாதம் முடிவதற்குள் கையெழுத்து விழுந்தது. சக்கர நாற்காலியில் இருந்தவர்களும் காது கேளாதவர்களும் அங்கே தங்களுக்காகத் தாங்களே பேசினார்கள்.

ராஜஸ்தானின் தொழிலாளர், விவசாயிகள் அமைப்பான மஸ்தூர் கிசான் சக்தி சங்கதனையும் பாருங்கள். 1994 முதல் அவர்கள் நடத்திய மக்கள் விசாரணைகளில், உள்ளூர்ப் பணிகளின் கணக்கை ஊர் முன்னால் உரக்கப் படித்தார்கள். கூலி வாங்கியதாகக் கணக்கில் பெயர் இருந்தவர்களே அது பொய் என்று சாட்சி சொன்னார்கள். கணக்கைக் காட்டு என்ற அந்தக் கோரிக்கைதான் வளர்ந்து, 2005-இன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு முக்கிய உந்துதலானது.

ஆகவே ‘வலியுறுத்தல்’ என்பேன். ‘கூலி உயர்வை வலியுறுத்தி ஆர்ப்பாட்டம்’ என்று செய்தித்தாளில் தினமும் படிக்கிற சொல்தான். ‘முறையீடு’ கைகட்டி நிற்கிறது. ‘வழக்காடல்’ நீதிமன்றத்துக்கு இழுக்கிறது. ‘ஆதரவு திரட்டல்’ தேர்தல் வாடை அடிக்கிறது.

அடுத்து ‘அடிமட்டம்’. விலைக்குச் சரி, மனிதர்களுக்கு வேண்டாமே. அதற்குப் பதில் ‘களம்’ என்பதைச் சேர்த்து ‘களவலியுறுத்தல்’ என்று எழுதிப் பார்த்தேன், முதலில் ‘களவு’தான் கண்ணில் படுகிறது! மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான 2006-ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையின் 4-ஆம் உறுப்பு, அவர்களைப் பற்றிய சட்டமும் கொள்கையும் வகுக்கும்போது அவர்களுடைய அமைப்புகள் வழியாக அவர்களையே கலந்தாலோசிக்க வேண்டும் என்கிறது. அந்த இடம் அவர்களுக்கு உரியது. ‘உரியோர் கொள்கை வலியுறுத்தல்’ என்று வைக்கலாமா?

* * *

ஐயா,

வலியுறுத்தல் நன்று. ஆனால் ‘கொள்கை’ என்றதும் பலருக்குக் கட்சிக் கொள்கைதான் நினைவுக்கு வரும். அப்புறம், ‘உரிய அதிகாரியை அணுகவும்’ என்று கேட்டுக் கேட்டுச் சலித்த காது இது. உரியோர் என்றால் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் என்றே படுகிறது.

* * *

கொள்கை பற்றிய ஐயம் நியாயம்தான். ‘கல்விக் கொள்கை’, ‘தொழிற்கொள்கை’ என்று முன்னால் ஒரு துறை நின்றால் குழப்பம் வராது. தனியாக வரும் இடத்தில் ‘அரசுக் கொள்கை’ என்று எழுதிவிடலாம்.

உரியோரை மட்டும் விட மனமில்லை, அம்மா. அந்தச் சொல் மேசைக்கு இந்தப் பக்கமும் வரட்டுமே. ‘பாதிக்கப்பட்டோர்’ என்றால் நிவாரணம் வாங்க வரிசையில் நிற்பவர்களாகவே தெரிகிறார்கள். ‘விளிம்புநிலை’யும் அவர்களை அங்கே தள்ளியது யார் என்று சொல்வதில்லை. ‘விளிம்புக்குத் தள்ளப்பட்டோர்’ என்று நீட்டினால் அந்தக் குறை தீரும். கட்டுரைக்கு அது போதும், தலைச்சொல்லுக்கு நீளம்.

ஒன்று பாக்கி இருக்கிறது. உரியோர் கேட்டுக்கொண்டு, அவர்கள் சார்பில் வழக்கறிஞரோ தொண்டு நிறுவனமோ பேசினால் அதையும் இதே சொல்லில் அடக்குவதா? கூடாது என்பது என் எண்ணம். அதற்குப் பழைய ‘பரிந்துரை’ கச்சிதமாகப் பொருந்தும். எனவே பட்டியலில் அதை நீக்காமல், தனிப் பதிவாகவே வைத்திருப்போம்.