புது டிரைக்கோகிரம்மா இனம், ரிவ்யூவர் திருப்பி அனுப்பிட்டார். உதவி தேவை (அவசரம்)

முட்டைத்தேடி:
வணக்கம். பூச்சி முட்டைக்குள்ளே வளர்ற குட்டிக் குளவி டிரைக்கோகிரம்மா. அதில் புது இனம் ஒண்ணை விவரிச்சு கட்டுரை அனுப்பினேன். மஞ்சள் உடம்பு, வயிற்றில் கறுப்புப் பட்டை. முன்சிறகின் ஓர முடி நீளம் எந்த இனத்தோடும் ஒத்துவரலை. அளவெல்லாம் எடுத்துக் கொடுத்தும் "இதை வச்சு இனம் நிறுவ முடியாது"ன்னு ஒரே வரியில் முடிச்சுட்டாங்க. ஸ்லைடும் ஓரத்தில் வெள்ளை பூக்குது. என்ன செய்யலாம்? சீக்கிரம் சொல்லுங்க.

சிறகோரம்:
எந்தப் பூச்சியின் முட்டையிலிருந்து வந்தது? அளவெடுத்தது ஆணா, பெண்ணா? எதில் மவுண்ட் பண்ணினீங்க? ஆல்கஹாலில் மிச்சம் இருக்கா, எத்தனை சதவீதம்? இது நாலும் இல்லாம யாரும் எதுவும் சொல்ல முடியாது.

தகட்டுப்பெட்டி:
தம்பி, இந்தப் பேரினத்தில் நிறத்தையும் சிறகு முடியையும் வச்சு இனம் பிரிக்கிற காலம் போய் அரை நூற்றாண்டு ஆச்சு. சுதா நாகர்கட்டியும் எச். நாகராஜாவும் பெங்களூரிலிருந்தே 1968-லும் 1971-லும் எழுதிட்டாங்க: ஆண் பிறப்புறுப்புதான் அடையாளம். நிறம், கூட்டுப்புழுப் பருவத்து வெப்பநிலையோட மாறும். குளிரில் வளர்ந்தா கறுக்கும். முடி நீளம் உடம்பளவோட மாறும், உடம்பளவோ தங்கின முட்டையின் அளவைப் பொறுத்தது. பெரிய முட்டையில் வந்ததும் கார்சைராங்கிற அரிசி அந்துப்பூச்சியின் சின்ன முட்டையில் வந்ததும் ஒரே இனமா இருந்தாலும் வேற மாதிரி தெரியும். அடிப்படையைப் படிச்சுட்டு எழுதுங்க.

முட்டைத்தேடி:
கரும்பு இடைக்கணுப் புழு முட்டை. எல்லாமே பெண், ஆண் ஒண்ணுகூட வரலை. ஸ்லைடு ஹாயர்ஸ் கோந்தில் மவுண்ட். மிச்சம் 70%-ல் இருக்கு, வளர்ப்பும் ஓடுது.

சோகைக்காடு:
கரும்பா? அந்த வயலிலோ பக்கத்திலோ டிரைக்கோகார்டு (இந்தக் குளவி உள்ள முட்டைகளை ஒட்டின அட்டை) கட்டினாங்களான்னு முதல்ல கேளுங்க. நாலாம் மாசத்திலிருந்து 15 நாளுக்கு ஒருமுறை கிலோனிஸ்ங்கிற டிரைக்கோகிரம்மா இனத்தை விடுற பயிர் அது. உங்க கையில் இருக்கிறது ஆய்வகத்திலிருந்து வந்த கிலோனிஸா இருக்கவே வாய்ப்பு அதிகம்.

சிறகோரம்:
கிலோனிஸ்னா ஆணும் சேர்ந்து வந்திருக்கணுமே. பெண் மட்டும்னா வோல்பாக்கியாதான். அந்தப் பாக்டீரியா இருந்தா கருவுறாத முட்டையும் பெண்ணாவே வளரும்.

சோகைக்காடு:
அதுக்குள்ள முடிவுக்கு வராதீங்க. ஆண் முதல்ல வெளியே வரும், சீக்கிரம் செத்துப்போகும். ஓட்டை விழுந்த முட்டையைப் பொறுக்கி வந்தா பெண்தான் மிஞ்சும். குழாயின் அடியில் லென்ஸ் வச்சுப் பாருங்க. உணர்கொம்பில் நீள முடி அடர்ந்திருந்தா ஆண்.

சிறகோரம்:
சோதிச்சே பார்த்துடலாம். கார்சைரா முட்டையைக் கொடுங்க. 3–4 நாளில் கறுக்கும். கறுத்த முட்டையை ஒவ்வொண்ணா ஈரத் தூரிகையால் எடுத்து, தனித்தனி ஜெலட்டின் கேப்ஸ்யூலில் போடுங்க. வெளியே வந்த பிறகு பிரிச்சுப் பயனில்லை, வந்த உடனே இணைசேர்ந்துடும். 27 டிகிரியில் 8–10 நாளில் வரும் கன்னிப் பெண்ணுக்குப் புது முட்டை கொடுங்க. பிள்ளைகள் எல்லாம் ஆண்னா சாதாரண இனம், கட்டுரைக்கு ஆணும் கிடைச்சாச்சு. எல்லாம் பெண்னா வோல்பாக்கியா சந்தேகம் உறுதி; வோல்பாக்கியாவோட டபிள்யூஎஸ்பி ஜீனுக்கு பிசிஆர் ஓட்டுங்க.

அப்படியானா தேனில் டெட்ராசைக்ளின் கலந்து பெண்ணுக்குக் கொடுக்கணும். குழாய்ச் சுவரில் மெல்லிய கோடா இழுங்க, துளியா வச்சா ஒட்டிச் செத்துடும். சில தலைமுறை தொடர்ந்தா ஆண் வரும்.

சோகைக்காடு:
மருந்து எதுக்கு? 30 டிகிரிக்கு மேல வளர்த்தாலே ஆண் வருமே.

சிறகோரம்:
வரும். ஆனா சூட்டில் பாதி ஆண், பாதி பெண்ணா உள்ளதும் கலந்து வரும். அதோட பிறப்புறுப்பை வரைஞ்சா இன்னொரு பொய் இனம் பிறக்கும். விவரிக்க மருந்து வழியே நல்லது. ஆணை எப்படிப் பெற்றீங்கன்னு கட்டுரையில் கட்டாயம் எழுதுங்க.

நாலெழுத்து:
இவ்வளவு பாடு எதுக்கு? சிஓஐங்கிற மைட்டோகாண்ட்ரியா ஜீனின் டிஎன்ஏ பார்கோடு 658 எழுத்து, முடிஞ்சுது. 2021-ல் கோஸ்டாரிகாவிலிருந்து 403 புது பிரகோனிட் குடும்பக் குளவி இனங்களைப் பெரும்பாலும் பார்கோடு வச்சே விவரிச்சாங்களே.

தகட்டுப்பெட்டி:
அதுக்கு எழுந்த எதிர்ப்பையும் சேர்த்துச் சொல்லுங்க. பழைய இனங்களின் ஹோலோடைப் (பெயருக்கு ஆதாரமான மூல மாதிரி) ஸ்லைடில் டிஎன்ஏ எடுக்க முடியலைன்னா, புதுசு எதிலிருந்து வேறுபடுதுன்னு எதோட ஒப்பிடுவீங்க?

நாலெழுத்து:
ஒரு ஆள் ஆயுசு முழுக்க ஸ்லைடு பண்ணினாலும் தீராத அளவுக்குக் குளவிகள் இருக்கு. காடு அதுவரை காத்திருக்காது.

தகட்டுப்பெட்டி:
அவசரத்தில் வச்ச பேரைச் சரிபண்ண அடுத்தவனுக்கு இருபது வருஷம் ஆகும்.

சிறகோரம்:
ரெண்டு பேரும் தனி இழை தொடங்குங்க. இங்க வோல்பாக்கியா இருந்தா சிஓஐ ப்ரைமர் அதோட ஜீனையே பெருக்கிடலாம், மைட்டோகாண்ட்ரியா வரலாறும் குழம்பும். ஐடிஎஸ்-2ங்கிற உட்கரு டிஎன்ஏ பகுதியை எடுங்க. கார்டிலிருந்து கிலோனிஸும் ஒண்ணு சேர்த்து ஓட்டுங்க. புது மாதிரியை 96% ஆல்கஹாலில், -20-ல் வையுங்க. குளவியை நசுக்காம புரோட்டினேஸ் கே-ங்கிற புரதம் கரைக்கிற நொதியில் 56 டிகிரியில் இரவு முழுக்க விட்டு, மிஞ்சுற உடம்புக் கூட்டையே ஸ்லைடு பண்ணலாம்.

பால்சம்:
ஸ்லைடு பத்தி யாரும் சொல்லலையே. ஹாயர்ஸ் நிரந்தரமில்லை, ஓரம் காய்ந்தா படிகம் கட்டும், ஈரத்தில் இளகும். தண்ணீரில் கரையும்கிறதால இப்பவே வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவச்சு எடுத்துடலாம். ஹோலோடைப் கனடா பால்சம்ங்கிற மரப்பிசினில்தான். வரிசை இது: 10% கேஓஹெச் காரம் (இவ்வளவு சின்னதுக்கு சூடு வேண்டாம், கூடினா முடி உதிரும்), அசிட்டிக் அமிலம், தண்ணீர், 70-80-90-100 ஆல்கஹால், கிராம்பு எண்ணெய், பால்சம். பால்சமில் பால் மாதிரி மங்கினா உள்ளே தண்ணீர் மிச்சம்னு அர்த்தம். சிறகு, உணர்கொம்பு, பிறப்புறுப்பு ஒவ்வொண்ணையும் தனித்தனி கவர்ஸ்லிப்பில் வையுங்க. பிறப்புறுப்பை அழுத்தாதீங்க, முதுகுத் தகடு விரிஞ்சா அளவே மாறிடும். 40 டிகிரியில் சில வாரம் காயணும்.

சோகைக்காடு:
இன்னொண்ணு. ஹோலோடைப்பைக் குறிப்பிட்டு, அது எந்தச் சேகரிப்பில் இருக்குன்னும் எழுதாட்டா பெயரே செல்லாது. இணைய இதழ்னா ஜூபேங்க் (விலங்குப் பெயர்களின் பதிவேடு) பதிவு எண்ணும் கட்டுரைக்குள்ளேயே வேணும். 2002 பல்லுயிர் சட்டம் 39-ஆம் பிரிவுப்படி அங்கீகரித்த களஞ்சியத்தில் மாதிரியை ஒப்படைக்கணும். உங்க துறை அலமாரி அதுக்குள்ள வராது.

முட்டைத்தேடி:
கன்னிப் பெண்ணின் பிள்ளைகள் எல்லாம் பெண். டபிள்யூஎஸ்பி பட்டையும் விழுந்தது. மருந்துத் தேன் தொடங்கியாச்சு. கட்டுரையை வாபஸ் வாங்கிட்டேன். நன்றி.

சோகைக்காடு:
கார்டு கட்டின வயலான்னு இன்னும் சொல்லலையே?

தகட்டுப்பெட்டி:
ஆண் வந்ததும் பிறப்புறுப்பின் அடிப்பக்கப் படம் போடுங்க. ஏடியகஸ் (ஆணின் புணர்ச்சி உறுப்பு) நீளத்தைப் பின்காலின் டிபியா கணுவோட ஒப்பிட்டு எழுதுங்க, மைக்ரானை மட்டும் போடாதீங்க.