புதுப்பிப்பு: அந்தப் பச்சை ஜாடி லோட்ஸ் இல்லை

அடியில் ‘லோட்ஸ் ஆஸ்திரியா’ என்று கீறியிருந்த, வானவில் மினுக்குள்ள பச்சைக் கண்ணாடி ஜாடி அசல்தானா என்று இங்கே கேட்டிருந்தேனே (லோட்ஸ் என்பது பொஹீமியாவில், அதாவது இன்றைய செக் நாட்டில், இருந்த பெயர்பெற்ற கண்ணாடி ஆலை), லென்ஸ் வைத்துப் பார்த்தாச்சு. அடிப்பாகம் முழுக்கப் பழைய தேய்மானக் கீறல்கள்; கையெழுத்து அவற்றின் மேலேயே வெள்ளை வெளேரென்று ஓடுகிறது. பின்னாளில் யாரோ போட்டது. லோட்ஸ் ஜாடிகளில் பெரும்பாலானவற்றுக்குக் கையெழுத்தே கிடையாது. விலையேற்ற இதொரு பழைய தந்திரம்.

ஆனால் பொஹீமியக் கண்ணாடிதான், சந்தேகமில்லை. உடலைச் சுற்றிக் கன்னாபின்னாவென்று ஓடும் கண்ணாடி இழைகள், சிலந்தி வலை மாதிரி: அங்கே டெப்லிட்ஸ் ஊர்ப் பக்கத்தில் இருந்த பால்மே-கோனிக் கண்ணாடி ஆலையின் பாணி. 1900 பாரிஸ் கண்காட்சியில் பரிசு வாங்கிய லோட்ஸின் ‘ஃபெனோமென்’ வகையில், இழைகளைச் சூட்டோடு அலையலையாக இழுத்து உடலோடு கலந்துவிடுவார்கள், தடவினால் வழவழப்பு. இதில் இழை விரலில் நன்றாகவே தட்டுகிறது.

விற்றவர் பாதிப் பணம் திருப்பித் தருகிறார். ஜாடி என்னிடமே இருக்கட்டும்.